மின்சாரத்துக்கும் முறை வைப்போம்

பாடம்: குறைந்த மின்னழுத்தத்திலிருந்து நீர் இறைக்கும் மோட்டாரையும் வீட்டுச் சாதனங்களையும் காத்தல்



இடம்பெயர்ந்திருந்த குடும்பம் ஒன்று, பல ஆண்டுகளின் பின் ஒரு துண்டுக் காணியில் மீண்டும் வெங்காயம் நடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வீதியின் கடைசிக் கம்பத்திலிருந்துதான் அவர்களுக்கு மின்சாரம் வருகிறது. மீற்றர்ப் பலகையிலிருந்து கிணறு 50 மீற்றர் தூரத்தில் இருக்கிறது. கடன் எடுத்து 1 குதிரைவலு மோட்டார் ஒன்றை வாங்கி, கையில் இருந்த மெல்லிய வயரை மரத்துக்கு மரம் கட்டிக் கிணற்றடிக்குக் கொண்டுபோகிறார்கள். நான்கு கிழமை நன்றாக இறைக்கிறது. ஐந்தாம் கிழமை ஒரு நாள் காலை மோட்டார் உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை. சற்று நேரத்தில் கருகல் மணம் வருகிறது. கொயில் எரிந்துவிட்டது.

மோட்டார் திருத்தி வரும்வரை பயிர் காத்திருக்காது. கடன் தவணையும் காத்திருக்காது. "கூடாத மோட்டாரைத் தந்து ஏமாற்றிப்போட்டாங்கள்" என்று கடைக்காரரைக் குறை சொல்வோம். ஆனால் பெரும்பாலான வேளைகளில் மோட்டாரில் குற்றம் இருப்பதில்லை. அதற்கு வந்து சேர்ந்த மின்சாரத்திலேயே குற்றம் இருக்கிறது.

தொண்ணூறுகளில் வடக்கில் மின்சாரமே இல்லாமல் பல ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் நாங்கள். ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். மண்ணெண்ணெயில் இயந்திரத்தை ஓட்டி இறைத்தோம். அதனால் மின்சாரம் வந்தவுடன், வந்தால் போதும் என்ற எண்ணமே எமக்கு ஏற்பட்டது. வருகின்ற மின்சாரம் நல்லதா என்று பார்க்கும் பழக்கம் எம்மிடம் வளரவில்லை. அந்தப் பழக்கத்தை உண்டாக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. நல்ல மின்சாரம் எது?

எமது நாட்டில் வீடுகளுக்கு வழங்கப்படும் மின்சாரம் 230 வோல்ற் ஆகும். இதில் நூற்றுக்கு 6 பங்கு கூடியோ குறைந்தோ இருக்கலாம். அதாவது 216 வோல்ற்றுக்கும் 244 வோல்ற்றுக்கும் இடையில் இருந்தால் அது ஒழுங்கான மின்சாரம்.

மின்னழுத்தத்தைக் குழாயில் வரும் தண்ணீரின் தள்ளுவிசைக்கு ஒப்பிடலாம். தாங்கிக்கு அருகில் உள்ள வீட்டில் தண்ணீர் வேகமாக வரும். நீண்ட குழாயின் கடைசியில் உள்ள வீட்டில் மெதுவாக வரும். முன்னால் உள்ள எல்லோரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால் கடைசி வீட்டில் சொட்டுத்தான் விழும். மின்மாற்றியிலிருந்து தூரத்தில், லயினின் நுனியில் இருப்பவர்களின் நிலையும் இதுதான். புதிதாகக் குடியேறியவர்கள் அநேகமாக அந்த நுனியில்தான் இருக்கிறார்கள்.

2. குறைந்த மின்னழுத்தம் மோட்டாருக்கு என்ன செய்கிறது?

மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மோட்டாரின் பலமும் பத்தில் ஒரு பங்குதான் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அது புறப்படும்போது சுழற்றும் பலம் இதைவிட வேகமாகக் குறைகிறது.

230 வோல்ற்றில் பலம் 100 என்று கொண்டால்:
207 வோல்ற்றில் பலம் 81
184 வோல்ற்றில் பலம் 64
161 வோல்ற்றில் பலம் 49

161 வோல்ற்றில் மோட்டாருக்குப் பாதிப் பலம்கூட இல்லை. ஆனால் தண்ணீரின் பாரம் குறையவில்லை. பாரத்தை இழுக்க முடியாத மோட்டார் கூடுதலான மின்னோட்டத்தை உறிஞ்சுகிறது. 1 குதிரைவலு மோட்டார் ஒழுங்காக ஓடும்போது 5 முதல் 6 அம்பியர் வரை எடுக்கும். புறப்படும் அந்தக் கணத்தில் அதைப்போல் நான்கு முதல் ஆறு மடங்கு வரை எடுக்கும். வழமையாக இது ஓரிரு செக்கனில் முடிந்துவிடும். பலம் போதாமல் உறுமிக்கொண்டு நின்றால் முடிவதில்லை. மின்னோட்டம் ஐந்து மடங்கானால் கொயிலில் பிறக்கும் வெப்பம் இருபத்தைந்து மடங்காகும். கொயிலின் வார்னிஷ் சிறிது நேரத்தில் கருகிவிடும்.

ஆகவே முதலாவது விதி: மோட்டார் உறுமி, சுற்றாமல் நின்றால் உடனே நிறுத்துங்கள். "இன்னும் கொஞ்சம் பார்ப்பம்" என்று காத்திருக்க வேண்டாம். மீண்டும் மீண்டும் போட்டுப் பார்க்கவும் வேண்டாம்.

3. விளக்கைப் பார்த்து ஏமாற வேண்டாம்

முன்னர் பழைய குமிழ் விளக்கு எமக்குச் சாட்சியாக இருந்தது. மின்னழுத்தம் குறைந்தால் அது மஞ்சளாக மங்கும். இன்று பெரும்பாலான வீடுகளில் எல்.ஈ.டி. குமிழ்களே உள்ளன. அவற்றுள் அநேகமானவை மின்னழுத்தம் நன்றாகக் குறைந்த பின்னும் அதே வெளிச்சத்தைத் தரும். கைத்தொலைபேசிச் சாச்சரும் அப்படித்தான். ஆகவே அயலவர் இருவரின் பேச்சு இவ்வாறு இருக்கும்:

"அண்ணை, லைற் நல்லாத்தானே எரியுது. கரண்ட் சரியாத்தானே இருக்கு?"

"தம்பி, லைற்றைப் பாத்து ஏமாறாதை. மேல சுத்திற ஃபானைப் பார். நேற்று மத்தியானம் சுத்தின வேகத்திலயே இப்பவும் சுத்துது?"

அண்ணை சொன்னது சரி. மின்விசிறி மெதுவாகச் சுற்றுவது, குளிர்சாதனப் பெட்டி டிக் டிக் என்று சத்தமிட்டுப் புறப்படாமல் நிற்பது, மோட்டாரின் தண்ணீர் வரத்துக் குறைவது, மோட்டாரின் உடல் கை வைக்க முடியாதபடி சுடுவது ஆகியவை அடையாளங்கள். ஆனால் மிகச் சரியான சாட்சி மீற்றர்தான். பிளக்கில் செருகியவுடன் வோல்ற்றை இலக்கத்தில் காட்டும் சிறிய கருவிகள் மின்சாரப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கின்றன. ஒரு சங்கத்துக்கு ஒன்று வாங்கி மாறி மாறிப் பாவிக்கலாம்.

4. குற்றம் எங்கே? இரண்டு இடத்தில் அளந்து பாருங்கள்

குற்றம் வீதி லயினிலும் இருக்கலாம், எமது சொந்த வயரிலும் இருக்கலாம். எங்கே என்று தெரியாமல் பணம் செலவழிக்கக் கூடாது. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது மீற்றர்ப் பலகைக்குப் பக்கத்தில் உள்ள பிளக்கில் ஒருமுறையும், கிணற்றடிப் பிளக்கில் ஒருமுறையும் அளக்க வேண்டும். மின்வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு செய்விப்பது நல்லது.

மீற்றரடியில் 225, கிணற்றடியில் 205 என்றால் குற்றம் உங்கள் வயரில் அல்லது அதன் மூட்டுகளில் இருக்கிறது. மீற்றரடியிலேயே 195 என்றால் குற்றம் லயினில் இருக்கிறது.

வயரின் பருமன் எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். கிணறு 50 மீற்றர் தூரம் என்றால் மின்சாரம் போய்த் திரும்ப 100 மீற்றர் கம்பி. ஓடும்போது 5½ அம்பியர், புறப்படும்போது 28 அம்பியர் எடுக்கும் மோட்டாருக்குச் செப்பு வயரில் ஏற்படும் இழப்பு ஏறக்குறைய இவ்வளவு:

1 சதுர மில்லிமீற்றர் வயர்: ஓடும்போது 10 வோல்ற், புறப்படும்போது 51 வோல்ற்
1.5 சதுர மில்லிமீற்றர் வயர்: ஓடும்போது 7 வோல்ற், புறப்படும்போது 34 வோல்ற்
2.5 சதுர மில்லிமீற்றர் வயர்: ஓடும்போது 4 வோல்ற், புறப்படும்போது 21 வோல்ற்

விளக்குக்குப் போடும் 1/1.13 வயர்தான் இதில் முதலாவது. கடையில் 7/0.67 என்று கேட்டு வாங்குவது மூன்றாவது. முதல் வயரைப் பாவித்தவர் மோட்டார் புறப்படும் நேரத்தில் 50 வோல்ற்றைத் தாமே வழியில் தொலைத்துவிடுகிறார். தூரம் இன்னும் கூடினால் அதற்கேற்பத் தடித்த வயர் வேண்டும்.

மூட்டுகளையும் கவனியுங்கள். முறுக்கி ரேப் சுற்றிய மூட்டு மழையிலும் கடற்காற்றிலும் களிம்பேறிச் சூடாகும். நடுவில் மூட்டில்லாத ஒரே வயரைப் போடுவதே நல்லது. முடியாவிட்டால் பெட்டிக்குள் திருகாணியால் இறுக்கிய மூட்டாக இருக்கட்டும்.

5. எல்லோரும் ஒரே நேரத்தில் இறைத்தால்

லயினின் நுனியில் ஆறு தோட்டங்கள் ஒரே கம்பியில் இருக்கின்றன என்று வைப்போம். மின்மாற்றியிலிருந்து அங்கு போய்த் திரும்பும் கம்பியின் தடை 1 ஓம் என்று கொள்வோம். விடியற்காலை ஐந்து மோட்டார்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் 5½ அம்பியர் எடுத்தால் மொத்தம் 27½ அம்பியர். லயினிலேயே 27 வோல்ற்றுக்கு மேல் இழக்கப்படுகிறது. 230 வோல்ற் 203 ஆகிவிடும். இப்போது ஆறாவது ஆள் சுவிட்சைப் போடுகிறார். அந்த மோட்டார் புறப்பட 28 அம்பியர் இழுக்கும். 203 இன்னும் இறங்கி 175 ஆகிறது. ஆறாவது மோட்டார் உறுமி நிற்கிறது. ஓடிக்கொண்டிருந்த ஐந்தும் பலம் குறைந்து சூடேறத் தொடங்குகின்றன.

அதே லயினில் இரண்டு மோட்டார்கள் மட்டும் ஓடினால் இழப்பு 11 வோல்ற்றுத்தான். இருவருக்கும் 219 வோல்ற் கிடைக்கும். தண்ணீரும் விரைவாக இறைபடும்.

எமது முன்னோர் பங்குக் கிணற்றில் இதற்கு வழி கண்டிருந்தார்கள். ஒரு கிணற்றுக்குப் பல பங்காளிகள். இன்று இவருடைய முறை, நாளை அவருடைய முறை என்று நாள் வைத்து இறைத்தார்கள். முறை மாறி இறைத்தால் ஊரே நியாயம் கேட்டது. கிணறு எல்லோருக்கும் பொது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. லயினும் அப்படியே பொதுவானது, ஆனால் அது எங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆகவே ஒரு லயினில் இருப்பவர்கள் கூடிப் பேசி முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை மோட்டார்கள் ஓடலாம் என்பதை மீற்றரை வைத்துத் தீர்மானியுங்கள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, 210 வோல்ற்றுக்குக் கீழ் இறங்கும்போது நிறுத்தினால் எண்ணிக்கை தெரிந்துவிடும். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை எல்லா வீடுகளிலும் பாவனை கூடுவதால் அந்த நேரத்தில் இறைப்பைத் தவிருங்கள். நாற்றும் பிஞ்சும் உள்ள தோட்டத்துக்கு முதல் முறை கொடுங்கள். ஆண் துணை இல்லாமல் பெண்கள் தனித்து நடத்தும் தோட்டங்களுக்கு, அவர்களுக்கு வசதியான பகல் நேரத்தை ஒதுக்குங்கள்.

6. பாதுகாப்புக் கருவிகள்: எது எதற்கு?

கடையில் பல கருவிகளைக் காட்டுவார்கள். எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை.

மின்னழுத்தக் காப்பான்: மின்னழுத்தம் குறித்த அளவுக்குக் கீழே இறங்கினாலும் மேலே ஏறினாலும் தானாக இணைப்பைத் துண்டிக்கும். நிலைமை சீரானதும் சில நிமிடம் பொறுத்து மீண்டும் இணைக்கும். எமது பயிருக்கும் பணத்துக்கும் மிகவும் உதவுவது இதுதான். கீழ் எல்லையை 195 முதல் 200 வரையும், மேல் எல்லையை 250 வரையும் வைக்கலாம். மோட்டாருக்கு வாங்கும்போது அதன் புறப்படும் மின்னோட்டத்தைத் தாங்கக்கூடியதா என்று கேட்டு வாங்குங்கள். தொலைக்காட்சிக்கு விற்பதை மோட்டாருக்குப் பூட்டக் கூடாது.

ஓவர்லோட் உள்ள ஸ்ராட்டர்: மோட்டார் அளவுக்கு மிஞ்சி மின்னோட்டம் எடுத்தால் துண்டிக்கும். மோட்டாரின் தகட்டில் எழுதியுள்ள அம்பியருக்கு அதைத் திருப்பி வைக்க வேண்டும். அடிக்கடி விழுகிறது என்று கூட்டி வைப்பவர் காவல் நாயைக் கட்டிவைத்துவிட்டுக் கள்ளனுக்குப் படலையைத் திறந்துவிடுகிறார்.

மின்னல் காப்பு பிளக்: இடி மின்னலால் வரும் கணநேரப் பாய்ச்சலை ஓரளவு தடுக்கும். நெடுநேரம் நீடிக்கும் குறைந்த மின்னழுத்தத்துக்கு இது எதுவும் செய்யாது. இடி முழங்கும்போது பிளக்கைக் கழற்றி வைப்பதே இதைவிட நல்ல காப்பு.

ஸ்ரெபிலைசர்: குறைந்த மின்னழுத்தத்தை உயர்த்தித் தரும். ஆனால் இல்லாத மின்சாரத்தை இது உண்டாக்குவதில்லை. லயினில் 180 வோல்ற் இருக்க, 230 ஆக்கி 5 அம்பியர் கொடுக்கும் கருவி லயினிலிருந்து 6.4 அம்பியர் உறிஞ்சுகிறது. அந்தக் கூடுதல் இழுவையால் அயலவருடைய மின்னழுத்தம் மேலும் இறங்கும். எல்லோரும் வாங்கிப் பூட்டினால் எல்லோருக்கும் குறையும். ஒரு சிறிய குளிர்சாதனப் பெட்டிக்கு அது பரவாயில்லை. லயின் முழுவதற்கும் அது மருந்தாகாது.

7. கூடிய மின்னழுத்தம்: நியூற்றல் கழன்றால்

சில வேளைகளில் மின்னழுத்தம் திடீரென்று ஏறும். மூன்று லைவ் கம்பிகள் வரும் வீதி லயினில் பொதுவான நியூற்றல் கம்பி அறுந்தால் அல்லது கழன்றால், ஒரு வீட்டில் மிகக் குறைந்தும் அடுத்த வீட்டில் 230 ஐத் தாண்டி 400 வரையும் போகலாம். சில விளக்குகள் பளிச்சென்று கூடி எரிய, வேறு சில மங்கினால் இதுவே அடையாளம். ஒரு கணமும் தாமதிக்காமல் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். அயலவருக்கும் சத்தமிட்டுச் சொல்லுங்கள். மின்சார அலுவலகத்துக்கு அறிவியுங்கள். யாரும் கம்பத்தில் ஏற வேண்டாம்.

மின்சாரம் நின்று திரும்ப வரும் நேரமும் ஆபத்தானது. எல்லாச் சாதனங்களும் ஒரே நேரத்தில் புறப்படுவதால் மின்னழுத்தம் ஏறி இறங்கும். மின்சாரம் நின்றவுடன் மோட்டாரையும் குளிர்சாதனப் பெட்டியையும் நிறுத்திவிட்டு, திரும்ப வந்து ஐந்து நிமிடத்தின் பின் ஒவ்வொன்றாகப் போடுங்கள்.

8. ஜெனரேற்றர் பாவிக்கும் இடங்களில்

நலன்புரி நிலையங்களிலும் பொது மண்டபங்களிலும் தங்கியிருப்பவர்கள் ஜெனரேற்றரை நம்பியிருக்க நேரிடலாம். முதலில் ஜெனரேற்றரை ஓடவிட்டு, அது சீராக ஓடத் தொடங்கிய பின் சாதனங்களைப் போடுங்கள். நிறுத்தும்போது சாதனங்களை முதலில் நிறுத்துங்கள். எரிபொருள் முடிந்து தானாக நிற்கும்வரை விடாதீர்கள். எண்ணெய் மிச்சம் பிடிக்க இயந்திரத்தின் வேகத்தைக் குறைக்கக் கூடாது. அப்படிச் செய்தால் மின்சாரமே கெட்டு மோட்டார் சூடாகும்.

ஜெனரேற்றரைக் குடிசைக்குள்ளோ தறப்பாளுக்குக் கீழோ வைக்காதீர்கள். அதன் புகையில் மணமில்லாத நச்சு வாயு இருக்கிறது. நித்திரையிலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். இரு முனையிலும் பிளக் பூட்டிய வயரால் ஜெனரேற்றரை வீட்டுப் பிளக்கில் செருகுவதும் பெரும் குற்றம். அந்த மின்சாரம் வீதிக்குப் போய், லயினில் வேலை செய்யும் தொழிலாளியைக் கொல்லலாம். அதற்கென மாற்றுச் சுவிட்ச் பூட்ட வேண்டும்.

9. உயிரைக் காக்க

ஈரக் கிணற்றடியில் வெறுங்காலுடன் நிற்பவருக்கு மின்சாரம் இரட்டிப்பு ஆபத்து. மோட்டாரின் உடலுக்கு ஏர்த் கம்பி கட்டாயம் பூட்டியிருக்க வேண்டும். ட்ரிப் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அமத்திப் பாருங்கள். விழாவிட்டால் அது வேலை செய்யவில்லை, மாற்ற வேண்டும். அடிக்கடி விழுகிறது என்று ட்ரிப் சுவிட்சைக் கழற்றிவிட்டு நேரே பூட்டாதீர்கள். பியூஸ் கம்பிக்குப் பதிலாகத் தடித்த கம்பியைப் போடாதீர்கள். லைவும் நியூற்றலும் மாறிப் பூட்டியிருந்தால், சுவிட்சை நிறுத்திய பின்னும் மோட்டாருக்குள் மின்சாரம் நிற்கும். ஆகவே கை வைக்க முன் பிளக்கைக் கழற்றுங்கள்.

ஒருவரை மின்சாரம் பிடித்துக்கொண்டால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை நிறுத்துங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரத்தில் நின்று, காய்ந்த தடியால் வயரைத் தள்ளிவிடுங்கள்.

10. எழுதி வையுங்கள், சேர்ந்து கேளுங்கள்

"கரண்ட் காணாது" என்று வாயால் சொல்லும் முறைப்பாடு எளிதில் மறக்கப்படும். இரண்டு கிழமைக்கு, மீற்றரடியில் அளந்த அளவுகளை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். திகதி, நேரம், வோல்ற், அப்போது ஓடிய மோட்டார்களின் எண்ணிக்கை ஆகிய நான்கும் போதும். முறை வைத்து இறைத்த பின்னும் 216 க்குக் கீழ் நின்றால், குற்றம் உங்கள் பக்கத்தில் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. லயினில் உள்ள எல்லோரும் கையெழுத்திட்டு, கிராம அபிவிருத்திச் சங்கத்தின் மூலம் மின்சார அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகப் பிரதியில் ஒப்பம் வாங்குங்கள். தடித்த கம்பி போடுவதும் அருகில் மின்மாற்றி வைப்பதும் அவர்களால்தான் முடியும். ஒழுங்கான மின்சாரம் கேட்பது பிச்சை கேட்பதல்ல. கட்டணம் செலுத்தும் பாவனையாளரின் உரிமை அது.

சிந்தனைக்கு

பாலைவனத்தில் அலைந்த மக்களுக்கு மன்னா கிடைத்தபோது, அன்றன்றைய தேவைக்கு மட்டும் சேர்க்கும்படி அவர்களுக்குச் சொல்லப்பட்டது. கூடுதலாகச் சேர்த்து ஒளித்து வைத்தது அடுத்த நாள் புழுத்துப்போயிற்று. அவர்களும் வீடிழந்து அலைந்தவர்கள்தாம். இருப்பதைப் பங்கிடப் பழகிய பின்னரே அவர்கள் ஒரு சமூகமாக வளர்ந்தார்கள்.

குழுக் கலந்துரையாடலுக்கு

1. எமது லயினில் எத்தனை மோட்டார்கள் உள்ளன? எந்த நேரத்தில் எல்லாம் ஒன்றாக ஓடுகின்றன?
2. கடந்த இரண்டு ஆண்டுகளில் எரிந்த மோட்டார்கள் எத்தனை? அவற்றைத் திருத்திய செலவு மொத்தம் எவ்வளவு? அந்தப் பணத்துக்கு எத்தனை காப்பான் வாங்கியிருக்கலாம்?
3. யாருடைய கிணற்றடி வயர் மிக மெல்லியது? அதை மாற்ற நாம் எவ்வாறு உதவலாம்?
4. மீற்றர் வாங்கவும், முறை எழுதி வைக்கவும், கொப்பி எழுதவும் பொறுப்பானவர்கள் யார்? அடுத்த கூட்டத்துக்கு முன் அவர்களைத் தெரிவு செய்வோம்.